செயலாளர் பால் கறந்த நாள்

மூன்று மாடுகளில் எது கறவை மாடு என்று செயலாளருக்குத் தெரியவில்லை.

மாடுகள் அவர் வீட்டு மாடுகள்தான். தினமும் அவர் பல் துலக்குகிற இடத்திலிருந்து பார்த்தால் மூன்றின் பின்பக்கமும் வரிசையாகத் தெரியும். ஆனால் பல் துலக்கும்போது அவர் அன்றைக்கு எழுத வேண்டிய மனுவின் முதல் வரியைத்தான் யோசிப்பார். மாடுகளை அவர் பார்த்திருக்கிறாரே ஒழிய, கவனித்ததில்லை.

பின்னால் கள ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்மணிக்கு. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். ஜீப் டிரைவர் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு நின்றார்.

செயலாளர் இருப்பதிலேயே பெரிய வயிறாகப் பார்த்து, புள்ளி மாட்டைக் காட்டினார். பாலெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

"இதுதான் மேடம்."

"கன்னு போட்டு எத்தனை மாசம் ஆச்சு?"

"போன மாசம்தான்."

ஆய்வாளர் மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, இது நிறைமாதச் சினை, கன்று போடவே இன்னும் பதினைந்து நாளாவது ஆகும் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு மாதிரி கூர்ந்து பார்த்தார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

செயலாளருக்குக் காது மடல் இரண்டும் சுட்டன.

அவர் சிறு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். பதினோரு வருஷமாக அந்தப் பதவியில் இருந்ததில் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. மச்சினிகூட "செயலாளர் சாப்பிட்டாரா?" என்றுதான் விசாரிப்பாள். குடும்பப் பண்ணைகளுக்கு அரசாங்கம் என்னென்ன செய்கிறது, என்னென்ன செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யவில்லை, எந்தச் சலுகை எந்த வருஷம் யாருக்கும் தெரியாமல் காணாமல் போனது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குடும்பப் பண்ணை என்றால் என்ன என்று ஆதரவுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. அதில் "குடும்பத்தார் அனைவரின் உழைப்பால்" என்ற சொற்கள் இடம்பெற்றதே அவரால்தான். மூன்று கூட்டங்களில் மேஜையைத் தட்டி வாதாடி வாங்கிய சொற்கள் அவை.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில்தான் காலை எட்டரை மணிக்கு முன்தகவல் எதுவும் இல்லாமல் ஜீப் வந்து நின்றது. குடும்பப் பண்ணை ஆதரவுத் திட்டத்தில் வீட்டம்மா மனுப் போட்டிருக்கிறார், நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றார் ஆய்வாளர்.

செயலாளருக்கு உச்சி குளிர்ந்தது. தன் பேச்சையெல்லாம் மனைவி காதில் வாங்கியிருக்கிறாள், கொட்டகைக்குக் கூரை மாற்ற மனுப் போட்டிருக்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மனைவி அக்காவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக நேற்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகவும், நாளைதான் வருவாள் என்றும் சொன்னார்.

"பரவாயில்ல. அவங்க வந்தப்புறம் இன்னொரு நாள் வரேன்," என்று ஆய்வாளர் ஜீப்பில் ஏறப் போனார்.

அவரை அப்படியே போக விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில் இதே அம்மாள் எதிரில் உட்கார்ந்திருப்பார். சிறு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் வீட்டில் மனைவி இல்லையென்றால் பண்ணையைக் காட்டக்கூட ஆளில்லை என்று அவருக்குத் தெரிந்துபோகும். அது நினைப்பிலேயே கூசியது.

"எதுக்கு மேடம் இன்னொரு நாள்? பண்ணையைப் பார்த்துக்கறதே நான்தான். அவ கூடமாட ஒத்தாசை பண்ணுவா, அவ்வளவுதான்."

ஆய்வாளர் ஜீப்பிலிருந்து காலை இறக்கினார்.

"நீங்கதான் எல்லா வேலையும் செய்யறீங்களா?"

"எல்லாம்."

அவர் கோப்பைத் திறந்து ஏதோ ஒரு வரி எழுதி, அடியில் கோடும் போட்டார். கோடு போட்டதைப் பார்த்துச் செயலாளர் பெருமைப்பட்டார்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு கொட்டகை வாசல் வரைக்கும்தான்.

புள்ளி மாடு கைவிட்டதும் அவர் சமாளிக்கப் பார்த்தார். காலை வெயில் கண்ணில் அடித்ததால் மாறிவிட்டது என்றார். கொட்டகைக்குள் வெயிலே இல்லை. ஆய்வாளர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. பேச்சோடு பேச்சாக அடுத்த மாட்டைப் பார்த்து, "இந்தச் செவலைக்கு மடிவீக்கம் மாதிரி இருக்கே?" என்றார்.

"ஆமா மேடம். ரெண்டு நாளா அப்படித்தான் இருக்கு. மருந்து போட்டுட்டு இருக்கேன்."

"சார், அது கிடேரி. அதுக்கு இன்னும் மடியே வைக்கல."

டிரைவர் தூணைவிட்டு நிமிர்ந்து, வானத்தில் ஏதோ பறவை போவதுபோல அண்ணாந்து பார்த்தார். மேலே கூரைதான் இருந்தது.

மூன்றில் இரண்டு போனால் மிச்சம் ஒன்று. கணக்கு தப்பாது என்ற தைரியத்தில் செயலாளர் கருப்பு மாட்டைக் கைப்பற்றினார். வாயால் சொன்னதெல்லாம் கெட்டுப்போன பிறகு, கையால் செய்து காட்டினால் நிமிர்ந்துவிடலாம் என்று தோன்றியது. நானே கறந்து காட்டுகிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம் என்று ஆய்வாளர் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அவர் கேட்கவில்லை.

முதலில் மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும் என்பது நினைவிருந்தது. மூலையிலிருந்த மூட்டையை அவிழ்த்து ஒரு முறம் நிறைய அள்ளித் தொட்டியில் கொட்டினார். மாடு குனிந்து முகர்ந்துவிட்டு, தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தது.

டிரைவர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சார், அது கோழித் தீவனம்," என்றார்.

"தெரியும். கலந்து வைப்போம்," என்றார் செயலாளர்.

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

வாளியோடு உட்கார்ந்தார். மாடு நகர்ந்தது. மறுபடி உட்கார்ந்தார். மறுபடி நகர்ந்தது. அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்து அதற்குப் பழக்கமில்லை போலிருக்கிறது, இந்தப் பக்கம் வந்து பாருங்கள் என்று டிரைவர் சாடை காட்டினார். வந்தார். காம்பைப் பிடித்து, மேடையில் மைக்கின் கழுத்தை இறுக்குவதுபோல இறுக்கினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் இறுக்கினார். மாடு பின்காலைத் தூக்கி, அவசரமே இல்லாமல், வாளிக்குள் வைத்தது. வைத்துவிட்டு எடுக்கவும் இல்லை.

செயலாளருக்கு அப்போதுதான் நேற்று மனைவி கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வந்தது. பால் நிலையத்து அக்கா விடியற்காலையிலேயே வந்து கறந்துகொண்டு போய்விடுவார். தீனியும் அவரே வைத்துவிடுவார். கோழிகளைத் திறந்துவிட்டு, தோட்டத்து மோட்டாரையும் அவரே போட்டுவிடுவார். "நீங்க கேட்டை மட்டும் சாத்திக்கோங்க," என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அதாவது இந்த மாட்டிடம் இப்போது ஒரு சொட்டுப் பால் கிடையாது.

இதை வெளியே சொன்னால், எந்தப் பால் நிலையத்து அக்கா, அவர் எதற்கு வந்து கறக்க வேண்டும் என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் பால் கறக்கத் தெரியாதவர் ஆவார். இரண்டுக்கும் நடுவில் வாளிக்குள் மாட்டின் கால் இருந்தது.

ஆய்வாளர் குனிந்து அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"சார், நிஜமாவே உங்களுக்குக் கறக்கத் தெரியாதா?"

கேள்வியில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதுபோல இருந்தது. அதற்குச் செயலாளர், கறவை தன் துறை இல்லை, தன்னுடைய கவனமெல்லாம் தோட்டத்தில்தான் என்று பதில் சொன்னார்.

"அப்ப தோட்டத்தைப் பார்க்கலாம்," என்றார் ஆய்வாளர்.

தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. தக்காளி, பீன்ஸ், பூசணி, ஓரமாகக் கீரைப் பாத்திகள். அவ்வளவு பாத்திகளை ஒருசேரப் பார்த்ததில் செயலாளருக்கே ஆச்சரியம். இதில் பாதி எப்போது வந்தது என்று தெரியவில்லை. பாத்திகளுக்கு நடுவே கறுப்புக் குழாய்கள் ஓடின. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அரசாங்கம் தரும் சலுகையைப் பற்றி அவர் நாற்பது நிமிஷம் இடைவிடாமல் பேசியிருக்கிறார். அந்தக் குழாயை இன்றைக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார்.

தண்ணீர் எந்தப் பாத்திக்கு எந்த முறையில் போகிறது என்று ஆய்வாளர் கேட்டார். சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று மறுபடியும் அவருக்குப் பட்டது. நான்கு வால்வுகள் இருந்தன. மூன்று இறுக்கி மூடியிருந்தன. நான்காவது திறந்திருந்தது. அவர் திறந்திருந்ததை மூடினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் முக்கியது. அடுத்த நொடி பெரிய குழாய் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்து, ஆய்வாளரின் கோப்பை நனைத்து, டிரைவரை நனைத்து, தக்காளிச் செடிகள் இரண்டு வரிசையைப் படுக்க வைத்துவிட்டுப் பீன்ஸ் பாத்தியில் போய் விழுந்து, அங்கே கிடந்தபடி பீய்ச்சிக்கொண்டே இருந்தது.

செயலாளர் குழாய்மேல் விழுந்து கட்டிப் பிடித்தார். தண்ணீர் இன்னும் வேகமாக வந்தது. எழுந்து மற்ற மூன்று வால்வுகளையும் திறந்தார். இப்போது இன்னும் மூன்று இடத்தில் வந்தது. கீரைப் பாத்தி குளமானது.

"மோட்டாரை நிறுத்துங்க சார்," என்றார் டிரைவர்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே நிறுத்த.

இரண்டு கையும் சேறு. போனை டிரைவரை எடுக்கச் சொல்லி, மனைவிக்கு அடிக்கச் சொன்னார். டிரைவர் உதவி செய்கிற நல்லெண்ணத்தில் ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இரைச்சலுக்கு நடுவே மனைவியின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க."

"மோட்டார் சுவிட்ச் எங்க இருக்கு?"

இரைச்சல் சற்றுக் குறைந்தது. அவள் ஓரமாக நகர்ந்திருக்க வேண்டும்.

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"தோட்டத்துல."

"யார் தோட்டத்துல?"

"நம்ம தோட்டத்துலதான்."

அவள் மிகவும் அக்கறையாகக் கேட்டாள்:

"உடம்பு ஏதும் சரியில்லையா?"

ஆய்வாளர் கோப்பிலிருந்த தண்ணீரை உதறுவதில் மும்முரமாக இருந்தார். செயலாளர் நிமிரவே இல்லை.

மோட்டார் அறை கொட்டகைக்குப் பின்னால், கதவைத் திறந்தால் வலது பக்கச் சுவரில், காலண்டருக்குக் கீழே சிவப்புப் பொத்தான் என்று மனைவி வழி சொன்னாள். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். கையைத் துடைத்துவிட்டு அமுக்குங்கள், வேறெதையும் தொட வேண்டாம், அக்காவை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் ஓடினார். அறை இருந்தது, சுவர் இருந்தது, பொத்தானும் இருந்தது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். மோட்டார் நின்றது. அந்த அமைதியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, காலண்டர் கண் முன்னால் இருந்தது.

ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் பொடிப் பொடியாக எழுத்து. மனைவி கையெழுத்து. 'புள்ளிக்கு ஒன்பதாம் மாசம்.' 'பீன்ஸ் விதைப்பு.' 'கருப்பு கன்னு. பெண் கன்னு. ரெண்டும் நலம்.' 'மோட்டார் ரிப்பேர், நானே பார்த்துட்டேன்.' தாளைப் புரட்டினார். 'காய்ச்சல். மாத்திரை. களை பாதிதான் முடிஞ்சுது.' அடுத்த கட்டத்தில்: 'காய்ச்சல் விடல. மீதிக் களை.' இன்னும் கொஞ்சம் தள்ளி: 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு. உட்கார முடியல. ரெண்டு வேளையும் எப்படியோ கறந்தாச்சு.'

அந்த இடுப்புத் தேதி அவருக்கு நன்றாகத் தெரிந்த தேதி. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அன்றைக்குத்தான். குடும்பப் பண்ணைகளில் பெண்களின் பங்கு என்ற தலைப்பில் பேசிக் கைதட்டல் வாங்கி, குரூப் போட்டோவில் நடுவில் நின்றிருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தப் பேச்சை மனைவிக்கு முழுசாக வாசித்தும் காட்டினார். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பேச்சு அவள் மனதைத் தொட்டுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், இன்று காலை வரைக்கும்.

காலண்டர் முழுக்கத் தேடினார். அவரைப் பற்றி ஒரே ஒரு இடத்தில்தான் குறிப்பு இருந்தது. 'அவருக்குக் கூட்டம். சட்டை இஸ்திரி.'

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். சேறு காய்ந்து கையில் இழுத்துப் பிடித்தது. வெளியே போகக் கூச்சமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அவர்களே உள்ளே வந்துவிடுவார்கள் என்பதும் கூச்சமாக இருந்தது.

ஆய்வாளர் கொட்டகைத் திட்டில் உட்கார்ந்து, நனைந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் எதிரில் போய் நின்றார். கூட்டங்களில் அவருக்குப் பேச்சு தட்டியதே கிடையாது. இப்போது முதல் வார்த்தை வரவே நேரம் பிடித்தது.

"மேடம், நான் சொன்னதெல்லாம் பொய்."

ஆய்வாளர் தாளை மடியில் வைத்தார்.

"இந்தப் பண்ணையில நான் ஒரு வேலையும் செய்யறதில்ல. மாடு, தோட்டம், மோட்டார், எல்லாம் அவ ஒருத்திதான். காய்ச்சலோட களை எடுத்திருக்கா, எனக்குத் தெரியாது. உங்ககிட்ட அவ ஒத்தாசை பண்றான்னு சொன்னேன் பாருங்க, அதைத் தயவுசெஞ்சு அடிச்சிடுங்க. ஒத்தாசைகூடப் பண்ணாதவன் நான்தான்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"வெட்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இன்னும் ஜாஸ்தியா இருக்கு."

ஆய்வாளர் மறுபடியும் அந்தக் கூர்ந்த பார்வையைப் பார்த்தார். செயலாளரின் கண்ணையும், பிறகு கையையும். கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினார். சேற்றுக்கு அடியில் பேனா பிடிக்கிற விரலில் மட்டும் ஒரு காய்ப்பு இருந்தது. வேறெங்கும் இல்லை.

"ஒரு வேலைகூடத் தெரியாதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் நன்றாக யோசித்தார்.

"கேட்டைச் சாத்தத் தெரியும்."

டிரைவர் திரும்பி கேட்டைப் பார்த்தார். அது ஜீப் வந்ததிலிருந்து திறந்தே கிடந்தது. கருப்பின் கன்று வெளியே ரோட்டோரத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. டிரைவர் போய் அதை ஓட்டிக்கொண்டு வந்து, கேட்டைச் சாத்தினார்.

ஆய்வாளர் நெடுநேரம் எழுதினார். முதலில் அடிக்கோடு போட்ட வரியைக் குறுக்காக அடித்தார். அது மட்டும் செயலாளருக்குத் தெரிந்தது. பிறகு தாளின் அடிப்பக்கத்தைக் காட்டி, மேலே எழுதியிருப்பது உண்மை என்று கையெழுத்துப் போடச் சொன்னார். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர், அன்றைக்குப் படிக்கவில்லை. தன்னைப் பற்றி அரசாங்கம் எழுதியிருப்பதைப் படிக்கத் தெம்பில்லை. சேற்றுக் கையோடு போட்டார். தாளில் பெருவிரலும் பதிந்தது.

ஆய்வாளர் எழுந்து, விழுந்து கிடந்த தக்காளிச் செடிகளுக்கு இன்றைக்கே மண் அணைத்து முட்டுக் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார். எப்படி அணைப்பது என்று செயலாளர் கேட்டார். ஆய்வாளர் குனிந்து ஒரு செடிக்குச் செய்து காட்டினார். பிறகு அலுவலகத்துக்கு போன் பேச வேண்டும் என்று கேட்டைத் தாண்டி, சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் போனார்.

டிரைவர் ஜீப்பில் ஏறி, ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். செயலாளர் அவர் பக்கத்தில் போய் நின்றார். ஆய்வாளரிடம் கேட்கும் துணிச்சல் இனிமேல் இந்த ஜென்மத்தில் வராது. டிரைவரிடம் கேட்கலாம்.

"என்னால அவளோட மனு போயிடுச்சா? தப்பு நான் பண்ணினது. அவ என்ன செய்வா? வேணும்னா எழுதிக் கொடுக்கறேன். சங்கத்துல செயலாளர் பதவியைக்கூட விட்டுடறேன். அவ கேட்டதை மட்டும் நிராகரிச்சிட வேண்டாம்னு மேடத்துகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

டிரைவர் சட்டையைப் பிழிவதை நிறுத்திவிட்டு, அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனுவில் என்ன கேட்டிருக்கிறது என்றே இவருக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"உங்க வீட்டம்மா கேட்டிருக்கறது அரசாங்கச் சம்பளத்துல ஒரு வேலையாள் சார், வீட்டுல வேலை தெரிஞ்ச வேற ஆளே இல்லைன்னாத்தான் அது கிடைக்கும்; அதுக்காக எல்லா வேலையும் தெரிஞ்ச வீட்டுக்காரங்க ஒண்ணுமே தெரியாத மாதிரி நடிப்பாங்க, அவங்களைக் கையும் களவுமா பிடிக்கத்தான் மேடம் சொல்லாம வருவாங்க; தெரிஞ்ச மாதிரி நடிச்சு, முடியாம, கடைசியில தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தவர் இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான்."